இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு பாட்டுக்குழு

1

சிறுபான்மை மொழியில் பாடுகிறவனிடம் இரண்டு கட்டளைகள் வந்து சேர்கின்றன. ஒன்று சந்தையின் கட்டளை: 'பெரிய மொழியில் பாடு, இல்லேன்னா உன்னை யார் கேட்பா?' மற்றது சொந்த வீட்டின் கட்டளை: 'நம் மொழியில் மட்டும் பாடு, இல்லாவிட்டால் நீ துரோகி.' பார்வைக்கு இரண்டும் எதிரெதிரானவை. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடக்கிற அனுமானம் ஒன்றுதான். மொழி என்பது பாட்டுக்கு வெளியிலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம், பாடகன் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியவன் என்பதே அந்த அனுமானம். இதை ஏற்க மறுத்தால் பாட்டுக்கு என்ன ஆகும், மொழிக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

வேல்ஸ் நாட்டின் சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் என்ற குழுவை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன். 1993-இல் கார்டிஃப் நகரில் உருவான ஐந்துபேர் குழு. கிரிஃப் ரீஸ் பாட்டும் கிதாரும், ஹியூ பன்ஃபர்ட் கிதார், கிட்டோ பிரைஸ் பேஸ் கிதார், டாவித் யெயன் டிரம்ஸ், அவர் தம்பி கியான் கியரன் கீபோர்டும் மின்னணு ஓசைகளும். இவர்களை 'இண்டி பாப்' என்று வகைப்படுத்துவார்கள். இண்டி என்றால் சுதந்திரம், அதாவது பெரிய இசைக் கம்பெனிகளுக்கு வெளியே சிறு லேபிள்களில் இசைத்தட்டு போடுவது. பதிப்பகங்களுக்கு வெளியே சிறுபத்திரிகை நடப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தப் பெயரே ஒரு சரக்காக மாறி, இங்கிலாந்தில் கிதாரை எடுத்தவனெல்லாம் இண்டி என்றானது வேறு கதை.

'பாப் பாட்டு என்பது ஒரே அச்சில் வார்த்த சந்தைச் சரக்குதானே, அதற்கு இவ்வளவு நீளக் கட்டுரையா?' என்று தோழர்கள் கேட்கலாம். அடார்னோ 1941-லேயே அப்படித்தான் சொன்னார். அவர் சொன்னதில் பெரும்பகுதி இன்றும் செல்லும். ஆனால் பாட்டு ஏற்கெனவே ஓர் அரசியல் இயக்கத்தின் உறுப்பாக இருக்கிற இடத்தில், சந்தைக்குள் போவது என்பது வெறும் சரணாகதியா, வேறு ஏதாவதா என்ற கேள்வியை அந்த ஒரே வாக்கியத்தால் முடித்துவிட முடியாது. வேல்ஸ் அப்படிப்பட்ட இடம்.

2

முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிடலாம். 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் மட்டுமே என்று விதித்தது. வெல்ஷ் பேசுகிறவனுக்கு அரசுப் பதவி கிடையாது. 1847-இல் பள்ளிகளை ஆராய வந்த மூன்று ஆணையர்களில் ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. அந்த மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அவர்களுடைய மொழியே காரணம் என்கிற தொனியில் அறிக்கை வந்தது. நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றுதான் வேல்ஸ் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்ட வழக்கமும் 19-ஆம் நூற்றாண்டின் கதைதான். 1911-இல் வெல்ஷ் பேசியவர்கள் சுமார் 9 லட்சத்து 77 ஆயிரம் பேர், மக்கள்தொகையில் 43.5 சதவீதம். 1991-இல் அது 5 லட்சத்து 8 ஆயிரமாகிவிட்டது. ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

இதற்கு எதிரான இயக்கத்துக்கு ஒரு தொடக்கத் தேதியே சொல்லலாம். 1962 பிப்ரவரி 13 அன்று நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழியின் விதி பற்றி உரை நிகழ்த்தினார். அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. சாலைப் பலகைகளில் ஆங்கிலத்தை அழித்தார்கள், சிறைக்குப் போனார்கள். 1965-இல் லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டி, கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தை முழுக மூழ்கடித்தார்கள். 1969-இல் தொடங்கப்பட்ட 'சைன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடே அந்தத் தண்ணீரைப் பற்றிய பாட்டுதான். 'சைன்' என்ற வெல்ஷ் சொல்லுக்கு 'ஓசை' என்று பொருள். நிறுவியவர்களில் ஒருவரான டாவித் இவான் பாடகர், மொழிச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர், சிறை சென்றவர். 1977-இல் வெல்ஷ் வானொலி வந்தது. தேசியவாதத் தலைவர் குவின்வோர் இவான்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் என்று 1980-இல் அறிவித்த பிறகு அரசு இறங்கிவந்து, 1982-இல் வெல்ஷ் தொலைக்காட்சியும் வந்தது.

ஆக, வெல்ஷ் பாட்டுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது: மொழியைக் காப்பது. அது நியாயமான வேலைதான். ஆனால் வேலை கொடுக்கப்பட்ட பாட்டு, மெல்ல மெல்ல அந்த வேலைக்கேற்ற முகத்தை வரவழைத்துக்கொள்கிறது. கண்ணியம், ஏக்கம், மலை, மழை, மூதாதையர். 1980களில் இதற்கு எதிர்வினை உள்ளேயிருந்தே கிளம்பியது. அன்ஹ்ரெவ்ன் என்ற பங்க் குழு வந்தது. 'ஒழுங்கின்மை' என்று பெயருக்குப் பொருள். 1982-இல் தொடங்கிய டட்ப்ளகி குழுவில் டேவிட் ஆர். எட்வர்ட்ஸ், வெல்ஷ் நடுத்தர வர்க்கத்தின் போலித்தனங்களை வெல்ஷிலேயே கிழித்தார். லண்டன் வானொலியில் ஜான் பீல் இவர்களை ஒலிபரப்பினார். மொழியைத் தாக்காமல் மொழியின் காவலர்களைத் தாக்குவது சாத்தியம் என்று இவர்கள் காட்டினார்கள். 1988-இல் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஆங்க்ஸ்ட்' என்ற லேபிளைத் தொடங்கினார்கள். நம் குழுவினரின் நாற்றங்கால் இதுதான்.

3

கிரிஃப் ரீஸ் வளர்ந்த ஊர் வடக்கு வேல்ஸின் பெதெஸ்டா. கற்பலகைச் சுரங்க ஊர். 1900 முதல் 1903 வரை பென்ரின் பிரபுவின் சுரங்கத்தில் மூன்றாண்டு வேலைநிறுத்தம் நடந்தது. 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வெல்ஷில் அச்சடித்த அட்டைகளை ஜன்னல்களில் வைத்து வாழ்ந்த ஊர். துரோகி என்ற சொல்லுக்கு அங்கே என்ன எடை என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். பின்னால் இந்தச் சொல் வேறு உருவத்தில் திரும்பி வருவதால் இதைக் குறித்து வைக்கிறேன்.

ரீஸும் டாவித் யெயனும் 1986 முதல் 1992 வரை 'ஃபா கோஃபி பௌப்' என்ற குழுவில் இருந்தார்கள். வெல்ஷில் இதற்கு 'எல்லோருடைய காப்பிக்கொட்டைகள்' என்று அர்த்தம். சத்தமாக வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் எல்லோரையும் போகச்சொல்லித் திட்டுகிற கெட்டவார்த்தை. ஒரே ஓசை, இரண்டு மொழி, இரண்டு அர்த்தம். இதைச் சின்னப்பயல் குறும்பு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இரட்டைமொழிக்காரனின் காது எப்படி வேலை செய்கிறது என்பது இந்தப் பெயரிலேயே இருக்கிறது. அவனுக்கு மொழிகள் இரண்டு தனித்தனி அறைகள் அல்ல. நடுச்சுவர் மெல்லியது, பக்கத்து அறைச் சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

1993-க்கு முன்னும் பின்னும் இவர்களில் சிலர் டெக்னோ வாசித்துக்கொண்டு பிரான்சில் சுற்றினார்கள். டெக்னோவில் பெரும்பாலும் சொல் கிடையாது. அதனால் எந்த மொழியில் பாடுவது என்ற வழக்கும் கிடையாது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மொழி பற்றிய சண்டை உச்சத்தில் இருக்கிற ஒரு கலாச்சாரத்திலிருந்து வந்தவர்கள் சொல்லற்ற ஓசையில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார்கள். அந்த இயந்திரத் துடிப்பு பின்னால் அவர்களுடைய மென்மையான பாட்டுகளுக்குள்ளும் திடுமெனப் புகுந்து வந்துகொண்டே இருந்தது.

1995-இல் ஆங்க்ஸ்ட் வழியாக வந்த முதல் குறுந்தட்டுக்கு, உலகப் புகழ்பெற்ற அந்த 58 எழுத்து வெல்ஷ் ஊர்ப்பெயரை எடுத்து, கடைசியில் 'விண்வெளியில்' என்று ஒட்டித் தலைப்பு வைத்தார்கள். இதன் கிண்டல் புரிய ஒரு தகவல் வேணும். அந்த நீளப் பெயர் தொன்மையானதல்ல. 1860களில் ரயில் பயணிகளை இழுப்பதற்காக ஊர்க்காரர்கள் இழுத்து நீட்டிய பெயர் அது. 'பழமை' என்று வெளியாருக்கு விற்கப்பட்ட ஒரு பொருளை எடுத்து ராக்கெட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதே ஆண்டு வந்த இரண்டாவது குறுந்தட்டு 'மூக் ட்ரூக்'. மூக் என்பது ஒரு சிந்தசைசர் கருவியின் பெயர். ட்ரூக் என்பது ஆந்தனி பர்ஜெஸ் நாவலில் வரும் ரவுடிப் பையன்களின் பாஷையில் கூட்டாளி. வெல்ஷ் காதுக்கோ 'மூக் ட்ரூக்' என்றால் கெட்ட புகை, அதாவது கஞ்சா.

4

லண்டனில் ஒரு மது விடுதியில் இவர்கள் வாசித்ததைக் கேட்ட ஆலன் மெகீ, இவர்களைத் தன் 'கிரியேஷன்' லேபிளுக்கு எடுத்துக்கொண்டார். ஓயேசிஸ் குழுவை வைத்துக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த லேபிள் அது. அன்று நடந்ததாக ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் மெகீ, 'எல்லாம் சரி, அடுத்தமுறை ஆங்கிலத்தில் பாடுங்களேன்' என்ற பொருளில் கேட்டாராம். அவர்கள் அன்றைக்குப் பாடியது ஆங்கிலத்தில்தான்! உச்சரிப்பில் வெல்ஷ் அப்படி அடர்ந்திருந்தது.

இந்தக் கதையைச் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. சந்தையின் கட்டளைக்கு அவர்கள் கீழ்ப்படிந்த பிறகும் சந்தையின் காதுக்கு அது கீழ்ப்படிதலாகக் கேட்கவில்லை. டெல்யூஸும் கத்தாரியும் 1975-இல் காஃப்காவைப் பற்றி எழுதிய நூலில் 'சிறுபான்மை இலக்கியம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். அவர்கள் கணக்கில் அது சிறிய மொழியில் எழுதப்படுவது அல்ல. பெரிய மொழிக்குள் சிறுபான்மையினர் நுழைந்து அதை உள்ளிருந்து அந்நியமாக்குவது. பிராகா நகர யூதரான காஃப்காவின் ஜெர்மன் மாதிரி. மெகீ கேட்ட ஆங்கிலம் அப்படிப்பட்டதுதான். ஆனால் இந்தக் கோட்பாட்டில் எனக்கு ஒரு மனத்தடை உண்டு. பெரிய மொழியை அந்நியமாக்குவதுதான் புரட்சி என்றால், சிறிய மொழி தன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? அது வெறும் கச்சாப்பொருளா? இதற்கு அவர்களிடம் தெளிவான பதில் இல்லை. இந்தக் குழுவிடம் 2000-இல் ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1996-இல் முதல் முழு ஆல்பம் 'ஃபஸி லாஜிக்' முழுக்க ஆங்கிலத்தில் வந்து, பிரிட்டிஷ் பட்டியலில் 23-ஆம் இடம் பிடித்தது. கிதார் முரட்டுத்தனமும் பளபளப்பான ராகங்களும் கலந்த இசை, பிரிட்பாப் அலையோடு சேர்த்துக் கேட்கக்கூடியது. விளம்பரத்துக்கு வைத்த காசில் ஒரு பழைய ராணுவ டாங்கியை வாங்கி, பெயின்ட் அடித்து, ஒலிபெருக்கி பூட்டி, இசை விழாக்களில் டெக்னோ அலறவிட்டபடி ஓட்டிக்கொண்டு போனார்கள். போர் இயந்திரத்தை நடன இயந்திரமாக்குவது என்று கோட்பாட்டு மொழியில் சொல்லலாம். அவர்களைக் கேட்டால் சும்மா ஜாலி என்பார்கள்.

இந்தப் பக்கம், வேல்ஸில் வசவு விழுந்தது. வெல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும் பாடியதற்காக வெல்ஷ் ஊடகங்கள் பாய்ந்தன. தேசியப் பண்பாட்டு விழாவான ஐஸ்டெத்வொத் 1950-இலிருந்து வெல்ஷ் மட்டுமே என்ற விதியோடு நடப்பது. அந்த விதியின் உணர்வு விழாவுக்கு வெளியேயும் பரவியிருந்தது. டாவித் யெயன் எரிச்சலோடு கேட்ட கேள்வி நியாயமானது: ஐரிஷ் குழுக்கள் இதே மேடைகளில் ஆங்கிலத்தில் பாடினால் யாரும் வாய் திறப்பதில்லையே, எங்களை மட்டும் ஏன்?

ஆனால் மறுபக்கத்தையும் பேசாமல் விட்டால் அது நேர்மையில்லை. 43.5 சதவீதம் 80 வருஷத்தில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்ட ஒரு மொழியில், ஒவ்வொருவரும் 'நான் சுதந்திரமானவன், எந்த மொழியிலும் பாடுவேன்' என்று சொன்னால் எல்லோரும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். இரண்டு மொழிகளுக்கு நடுவே சரிவு இருக்கும்போது, தேர்வு என்பது சமதளத்தில் நடப்பதில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை ட்ரவெரினில் பார்த்தவர்கள் அவர்கள். இன்னொன்று: சைன் நிறுவனமும், வெல்ஷ் வானொலியும், ஆங்க்ஸ்ட் லேபிளும் இல்லாவிட்டால் இந்தப் பையன்களுக்குப் பதினாறு வயதில் குழு அமைத்து ஒலிப்பதிவு செய்கிற வழியே இருந்திருக்காது. அவற்றைக் கட்டியவர்கள் 'வெல்ஷ் மட்டும்' என்று பிடிவாதம் பிடித்த தலைமுறை. இரண்டாவது கட்டளையை மீறுகிற சுதந்திரத்தை இவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்களே அந்தக் கட்டளையை உயிரைக்கொடுத்துக் கடைப்பிடித்தவர்கள்தான். இந்த முரணை எந்தப் பக்கமும் சாய்க்காமல் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

5

1997-இல் வந்த 'ரேடியேட்டர்' 8-ஆம் இடம், 1999-இல் வந்த 'கொரில்லா' 10-ஆம் இடம். இந்த இரண்டு ஆல்பங்களில்தான் குழுவின் ஓசை அதற்கே உரியதாக மாறியது. 'ரேடியேட்டர்' ஆங்கில ஆல்பம்தான். ஆனால் நடுவில் 'என் முடியை நீளமாக வெட்டு' என்ற பொருளில் ஒரு வெல்ஷ் தலைப்பு எட்டிப்பார்க்கிறது. கடைசிப் பாட்டு மலைவாசிகளைப் பற்றியது. அமைதியான கிதார் மீட்டலோடு, நாட்டுப்புறப் பாட்டின் நிதானத்தோடு ஆரம்பிக்கிறது. கேட்கிறவன் 'ஓ, வேல்ஸ் மலை, ஏக்கம்' என்று தலையணையைச் சரிசெய்துகொள்கிற நேரத்தில் மின்னணு இரைச்சல் உள்ளே புகுந்து, மெல்லப் பெருகி, பாட்டை விழுங்கிவிடுகிறது. மலைவாசியை அருங்காட்சியகத்தில் வைக்க வந்தவன் கையில் மின்சாரம் தாக்குகிற மாதிரி.

வேல்ஸின் எல்லைக் கிராமம் பாண்டியில் பிறந்த ரேமண்ட் வில்லியம்ஸ் ஒரு பாகுபாடு செய்தார். ஒரு பண்பாட்டில் ஆதிக்கம் செலுத்துவது, கடந்தகாலத்திலிருந்து எஞ்சி இன்னும் உயிரோடிருப்பது, புதிதாக எழுவது என்று மூன்று கூறுகள். லண்டனின் கண்ணில் வெல்ஷ் மொழி எஞ்சியது, டெக்னோ எழுவது. இந்தக் குழு செய்த காரியம் எஞ்சியதையும் எழுவதையும் ஒரே பாட்டுக்குள் அடைத்து, எது எது என்று பிரிக்க முடியாமல் செய்தது. 'கொரில்லா'வில் இது இன்னும் தாறுமாறாகப் போகிறது. கரீபியத் தீவுகளின் எஃகு மேளம், கலிப்சோ தாளம், டெக்னோ, மொபைல் போன் சத்தத்தை வைத்துக் கட்டிய ஒரு பாட்டு. தயாரிப்பாளர் யாரையும் வைக்காமல் தாங்களே தயாரித்தார்கள். ஓசையில் எல்லை கிடையாது, ஆனால் மொழியில் மட்டும் எல்லை உண்டு என்றால் அது என்ன நியாயம் என்று இந்த ஆல்பம் கேட்கிற மாதிரி எனக்குப் படுகிறது.

அந்த ஆண்டுகளில் வேல்ஸும் மாறிக்கொண்டிருந்தது. 1997 செப்டம்பர் 18-இல் தனிப் பேரவை வேணுமா என்று வாக்கெடுப்பு. 50.3 சதவீதம் வேணும் என்றார்கள், வித்தியாசம் 6,721 வாக்குகள். 1999-இல் பேரவை கூடியது. மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ், கேட்டடோனியா, ஸ்டீரியோஃபோனிக்ஸ் என்று வேல்ஸ் குழுக்கள் பட்டியலின் உச்சியில் இருந்தன. பத்திரிகைகள் 'கூல் கம்ரி' என்று பெயர் சூட்டின. கம்ரி என்பது வேல்ஸுக்கு வெல்ஷ் பெயர். கட்டளை இப்போது மூன்றாவது உருவம் எடுத்தது: 'வெல்ஷாக இரு, ஆனால் நாகரிகமாக, விற்கிற மாதிரி இரு.'

6

இந்த நேரத்தில்தான் கிரியேஷன் லேபிள் மூடப்பட்டது. குழு தன் சொந்தச் சிறு லேபிளான 'பிளாசிட் கேஷுவல்' வழியாக 2000 மே மாதம் 'மூங்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 'மூங்' என்றால் பிடரிமயிர். முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வெல்ஷ். முந்தைய இரண்டு தயாரிப்புகளின் ஆடம்பரத்தை உதறிவிட்டு, பெரும்பகுதியைக் கூட்டாக நேரடியாக வாசித்தே பதிவுசெய்தார்கள். 'ஃபஸி லாஜிக்', 'ரேடியேட்டர்' இரண்டையும் தயாரித்த கோர்வெல் ஓவென் இதிலும் கூட இருந்தார். பிரிட்டிஷ் பட்டியலில் 11-ஆம் இடம். முழுக்க வெல்ஷில் அமைந்த ஓர் ஆல்பம் அதற்கு முன் இந்த உயரத்தை எட்டியதில்லை.

வெல்ஷ் அறியாத காதோடு கேட்கிறவன் நான். அந்தப் பட்டியலில் அதை ஏற்றிய பெரும்பாலான ஆங்கிலேயர்களும் அப்படியே. அப்படிக் கேட்கும்போது முதலில் பிடிபடுவது ஓசையின் எலும்புக்கூடு. சோகமான கிதார் சுரங்கள், தனியாக வந்து போகிற பித்தளைக் குழல்கள், அறையின் வெற்றிடம் கேட்கிற டிரம்ஸ். தலைப்புகளைப் பாருங்கள். ஒன்று 'இடையிடையே வெயில்', வானிலை அறிக்கையின் வார்த்தை. ஒன்று வேல்ஸின் பழைய ரோமானியச் சாலையின் பெயர். ஒன்று 'விளிம்பில் உறுப்பினராதல்'. கடைசிப் பாட்டின் தலைப்பு இரண்டு துண்டுகளால் ஆனது: 'ஆழமான வேர்கள்' என்பது ஒன்று, 'நெப்டியூன் கிரகத்தில் குளிரான மார்ச்' என்பது மற்றது. வேர் என்ற சொல்லைச் சொன்ன கையோடு அதை நெப்டியூனில் கொண்டுபோய் நடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்பத்தில் டட்ப்ளகியின் ஒரு பழைய பாட்டை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். மூதாதையர் வணக்கம் என்றால் டாவித் இவானையோ நாட்டுப்புறப் பாட்டையோ எடுத்திருக்கலாம். அவர்கள் எடுத்தது மொழியின் காவலர்களோடு மல்லுக்கு நின்றவரின் பாட்டை. தங்களுக்கும் ஒரு மரபு உண்டு, அது கீழ்ப்படியாதவர்களின் மரபு என்று சொல்கிற காரியம் இது.

டெல்யூஸ், கத்தாரியிடம் நான் கேட்ட கேள்விக்கு 'மூங்' தருகிற பதில் இங்கே இருக்கிறது. சிறிய மொழிக்குள்ளும் ஒரு பெரும்பான்மை உண்டு. அதற்கும் அதிகாரிகள், நற்சான்றிதழ்கள், ஒழுங்கான தொனி என்றெல்லாம் உண்டு. அந்தப் பெரும்பான்மையிலிருந்து விலகி, தன் மொழியையே விளிம்புக்குக் கொண்டுபோகிற சிறுபான்மையாக இருக்க முடியும். வானிலை அறிக்கையும், பள்ளிக்கூட டீச்சரும், காதல் சண்டையும் ஒரு மொழியில் பாட்டாக முடிந்தால், அந்த மொழி கடமையிலிருந்து வெளியே வந்து மூச்சுவிடுகிறது என்று அர்த்தம். ஒரு மொழி உயிரோடிருக்கிறது என்பதற்கு அதன் காவியங்களைவிட, அதில் அற்பமாகப் பேச முடிகிறதா என்பதே நல்ல சான்று.

இதன் பின்விளைவு வேடிக்கையானது. வேல்ஸ் தேசியக் கட்சியின் எல்வின் லூயிட், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்த ஆல்பத்தைப் பாராட்டி ஒரு தீர்மான அறிவிப்பைக் கொடுத்தார். விளிம்பில் உறுப்பினராவதைப் பாடிய ஆல்பத்துக்கு மையத்தின் குறிப்பேட்டில் இடம். நான்கு வருஷம் முன்பு மொழித்துரோகம் என்று திட்டு வாங்கியவர்கள் இப்போது மொழியின் தூதர்கள். துரோகி, தூதன் இரண்டுமே பாட்டுக்கு வெளியே நின்று ஒட்டுகிற சீட்டுகள்தான். குழு இரண்டாவது சீட்டையும் ஒட்டவிடவில்லை.

7

எப்படி? அடுத்த ஆண்டே 2001-இல் பெரிய கம்பெனியான எபிக் மூலம் 'ரிங்ஸ் அரவுண்ட் த வேர்ல்ட்' வந்தது. முழுக்க ஆங்கிலம், 3-ஆம் இடம். இசைத்தட்டும் டிவிடியும் ஒரே நேரத்தில் வெளியான முதல் ஆல்பம் என்றார்கள். 'மூங்' எவ்வளவு எலும்போ அவ்வளவு சதை இதில். மென்மையான சோல் இசை, இயந்திரக் குரல், ஒரு பாட்டின் நடுவே வெடிக்கிற ஜங்கிள் தாளம். ஒரு பாட்டில் பால் மெக்கார்ட்னி காய்கறி கடித்து மெல்லும் சத்தம் தாளமாகப் பயன்பட்டிருக்கிறது. இன்னொன்றில் பியானோ வாசிப்பவர் ஜான் கேல். கார்னன்ட் ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாக, ஏழு வயதுவரை வெல்ஷ் மட்டுமே பேசி வளர்ந்து, பிறகு நியூயார்க்கில் வெல்வெட் அண்டர்கிரவுண்டை உருவாக்கியவர்களில் ஒருவரானவர். அவரைக் கூப்பிட்டதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வேல்ஸிலிருந்து கிளம்பிய இரைச்சலுக்கு ஏற்கெனவே ஒரு வம்சாவளி உண்டு.

2003-இல் 'ஃபான்டம் பவர்', 4-ஆம் இடம். அமெரிக்க நாட்டுப்புறச் சாயலும் அமைதியும் கூடிய ஆல்பம். அதன் கடைசிப் பாட்டில் தந்தி வாத்தியங்களும் டெக்னோ துடிப்பும் சண்டையில்லாமல் சேர்ந்து ஓடுகின்றன. 'ரேடியேட்டர்' முடிவில் ஒன்றையொன்று விழுங்கியவை இங்கே சமாதானமாகிவிட்டன. 2005-இல் 'லவ் கிராஃப்ட்', 2007-இல் 'ஹே வீனஸ்!', 2009-இல் 'டார்க் டேஸ்/லைட் இயர்ஸ்'. கடைசியாகச் சொன்னதில் வெல்ஷ் பாட்டு ஒன்று, ஜெர்மன் மொழி புகுந்த பாட்டு ஒன்று. இந்தப் பிற்கால ஆல்பங்களில் வேகம் குறைந்து, மெத்தென்ற சுகம் கூடியதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கட்டளைகள் ஓய்ந்துபோன பிறகு மறுக்கவேண்டியது குறைந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

கிரிஃப் ரீஸின் தனி ஆல்பங்களில் அந்தக் குறும்பு தொடர்ந்தது. 2005-இல் முழுக்க வெல்ஷில் ஒன்று. அதன் தலைப்பு 'திக்குகிற தலைமுறை' என்றும் கருத்தடை என்றும் சிலேடையாகக் கேட்கும். 2019-இல் வந்த 'பாங்!' வெல்ஷ் ஆல்பம். தென்னாப்பிரிக்க இசைஞர் முசி தயாரித்தது. அதில் வெல்ஷ் போய்ப் பேசுவது ஸூலு மொழியோடு. இரண்டு சிறிய மொழிகள் சந்திக்க ஆங்கிலம் என்ற தரகர் தேவையில்லை என்பது இதன் சேதி. குழுவாக, 2015-இல் 'மூங்' மறுவெளியீட்டை ஒட்டி மேடையேறினார்கள். 2016-இல் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு வேல்ஸ் போனபோது ஒரு வெல்ஷ் பாட்டு போட்டார்கள். தேசியப் பெருமை பீறிட வேண்டிய அந்தப் பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிங் பாங்'.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு. கார்மார்தன் பள்ளி மாணவர்கள் 1991-இல் தொடங்கிய கோர்க்கீஸ் ஸைகோடிக் மங்கி. இவர்கள் ஒரே பாட்டுக்குள் ஆங்கிலத்தில் ஆரம்பித்து வெல்ஷுக்குத் தாவினார்கள். 1996-இல் வந்த 'பாட்டியோ சாங்' அப்படிப்பட்டது, 41-ஆம் இடத்தில் நின்றுவிட்டது. முதல் 75-க்குள் எட்டு முறை வந்தும் ஒரு தடவைகூட முதல் 40-க்குள் நுழையாத குழு என்று பெயர் எடுத்தார்கள். கோணல்மாணலான சைக்கடெலிக் இசையிலிருந்து மெல்ல அமைதியான நாட்டுப்புற இசைக்குப் போய், 2006-இல் கலைந்தார்கள். மறுப்பதற்குச் சந்தை விதிக்கிற அபராதம் என்ன என்பதை அந்த 41 என்ற எண் சொல்லும். சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸின் வெற்றியை மட்டும் வைத்து வழி திறந்துவிட்டது என்று நாம் கொண்டாடிவிடக் கூடாது.

8

கடைசியாகக் கணக்கைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் 5 லட்சத்து 82 ஆயிரம், 20.8 சதவீதமாக ஏறியது. 2011-இல் 5 லட்சத்து 62 ஆயிரம். 2021-இல் 5 லட்சத்து 38 ஆயிரம், 17.8 சதவீதம். 'மூங்' மொழியைக் காப்பாற்றவில்லை. எந்தப் பாட்டும் காப்பாற்றாது. பள்ளிக்கூடம், வீட்டு விலை, கிராமத்தில் வேலை, வீட்டில் பேசும் பெற்றோர் என்று மொழி நிற்கிற கால்கள் வேறு. அந்தக் கால்களுக்காகச் சாலைப் பலகை அழித்தவர்களும் சிறைக்குப் போனவர்களும் இல்லாமல் எதுவும் இல்லை. இதைப் பாட்டுக்காரர்களின் ரசிகனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

ஆனால் போராட்டம் காப்பாற்றித் தருகிற மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அதில் புனிதப் பொருளாகக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைப்பவர்களும் உண்டு, விற்பனைச் சீட்டு ஒட்டுபவர்களும் உண்டு. இந்த ஐந்துபேர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். ஒரு ஆல்பத்தில் ஆங்கிலம், அடுத்ததில் வெல்ஷ், அதற்கடுத்ததில் மறுபடி ஆங்கிலம் என்று போய்வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஓசையை மாற்றினார்கள். மொழியை மாற்றியதற்கு விளக்கம் மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மொழி அவர்களுக்குக் கொடிக்கம்பமும் அல்ல, கைவிலங்கும் அல்ல. கிதார் மாதிரி, சிந்தசைசர் மாதிரி, கையில் எடுத்து வாசிக்கிற ஒன்று. உரிமை என்று நாம் சொல்வது இப்படி வாசிக்க முடிவதைத்தான் என்றால், பெதெஸ்டாவின் ஜன்னல் அட்டைகளுக்கு இவர்கள் ஒன்றும் துரோகம் செய்துவிடவில்லை.